அந்த ஸ்டாண்டை வாங்கியிருக்கலாம்

மகனே,

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாய். நானும் அந்த மஞ்சள் விரலைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் நம் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் குக்கர் காஸ்கெட்டும் மிக்ஸி பிளேடும் விற்கிறவனுக்குக் கேமராவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். மலரில் வருகிற தலைவர் உரையைத் தலைவர் வீட்டிலேயே யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இதை நீ ஒருவன் படித்தால் போதும். உன்னைப் போலப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னைப் போல இருக்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

போன வாரம் நித்யா அழைத்தாள். உன் மனைவி உன்னைவிட அடிக்கடி என்னோடு பேசுகிறாள் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை போட்டோ வகுப்புக்குப் போகிறாளாம், கேமரா வாங்கிவிட்டாளாம். "மாமா, கூட என்னென்ன வாங்கோணும்னு அவருகிட்டக் கேட்டனுங்க. எங்கப்பாகிட்டக் கேளு, எது தேவையில்லைன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்ங்கறாரு" என்று சிரித்தாள். கோயம்புத்தூர்ப் பெண், கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, அவளுக்கு இதன் உள் விவகாரம் தெரியாது. நானும் கூடச் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு வந்த வாடிக்கையாளருக்கு அஞ்சு லிட்டர் காஸ்கெட்டுக்குப் பதில் மூணு லிட்டர் காஸ்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன். நீ என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து போனவன் நீ இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஓணத்துக்கு லீவு இல்லை என்றாய், தீபாவளிக்கு டிக்கெட் இல்லை என்றாய். போனில் சாப்பாடு கேட்கிறாய், பிரஷர் மாத்திரை கேட்கிறாய், பிறகு "செரிப்பா, வைக்கட்டுமா" என்கிறாய். சண்டை போட்டாலாவது சமாதானம் பேசலாம். நீ மரியாதையாகப் பேசுகிறாய். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. எல்லாம் கல்யாணத்தன்று நான் உனக்குக் கொடுத்த அந்தப் படத்தால் வந்தது. அந்தப் படம் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் கேமரா வாங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். நித்யா கேட்டதற்குப் பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம். நம் ஊர் எம்.ஜி. ரோட்டில் ஒரு கடைக்கு நாம் மூன்று பேரும் போனோம். கேமராவைத் தேர்ந்தெடுத்தாயிற்று, பேரமும் முடிந்தாயிற்று. அப்போதுதான் அந்த விற்பனைப் பையன் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினான். பை, இன்னொரு பேட்டரி, இன்னொரு மெமரி கார்டு, தூசி ஊதுகிற ரப்பர் பந்து, துடைக்கிற துணி, மூன்று கால் ஸ்டாண்ட். "சேட்டா, புதுசா எடுத்துப் படிக்கிற ஆளுக்கு இதொக்கெ வேணும், கேட்டோ" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னான். எனக்கு உற்சாகமாகிவிட்டது. வியாபாரத்தில் இந்த இடத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன். "தம்பி, நான் ஆரியசாலைக்காரன். குக்கரில எனக்கு லாபம் கிடையாது, காஸ்கெட்டிலதான். நீ எனக்கே காஸ்கெட் விக்கப் பாக்கியே" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, அந்த ரப்பர் பந்தை எடுத்து ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாய்.

அம்மா அதற்குள் அந்த ஸ்டாண்டின் கால்களை இழுத்து நிறுத்தியிருந்தாள். மேலே கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். அடுப்பங்கரைக்கு ஸ்டூல் வாங்கினாலும் அப்படித்தான் பார்ப்பாள். "இங்க பாருங்க, ஆடாம நிக்குது. இத மட்டும் வாங்குவம். இவன் எடுத்துக்கிட்டே இருந்தா இவன் எப்பம் படத்துல வருவான்?" என்றாள். "வீட்டில ஸ்டூல் இருக்கு, வை" என்றேன். அவள் ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். நான் கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டு, ஏதோ ஜெயித்தவன் மாதிரி வெளியே வந்தேன். ஒரு வாரம் கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லித் திரிந்தேன். நம் ஆட்களுக்கு இது ஒரு பெருமை. நாள் முழுக்க நாம் மற்றவர்களுக்கு எதைத் தலையில் கட்டுகிறோமோ, அதை நம் தலையில் யாரும் கட்டிவிடக் கூடாது. சாமான் விற்கிறவன் சொல்வதில் எப்போதாவது உண்மையும் இருக்கும் என்பது எங்களுக்கு வராத புத்தி.

பெட்டிக்குள் தோளில் மாட்டுகிற வார் ஒன்று கூடவே வந்தது. அதற்குத் தனியாகக் காசு இல்லை. அதையும் நான் மாட்ட விடவில்லை. "கவரோட பெட்டியில கெடக்கட்டும். நாளைக்கு விக்கதா இருந்தா எல்லாம் புதுசா இருந்தாத்தான் வெல" என்றேன். வாங்கிய அன்றே விற்பதைப் பற்றிப் பேசினவன் நான். நித்யாவிடம் முதலில் சொல், வாரைக் கவரிலிருந்து எடுத்து மாட்டச் சொல். கையில் சுற்றிக்கொள்கிற சின்ன வார் ஒன்று கிடைக்கிறது, அது அவள் கைக்கு இன்னும் நல்லது. படம் எடுக்கிறவர்கள் கண்ணை வேறு எங்கோ வைத்திருப்பார்கள், கை நழுவத்தான் செய்யும்.

கல்லாற்றில் உனக்கு நழுவியது. பொன்முடிக்குப் போகிற வழியில் இறங்கி, ஆற்றோரக் கடையில் சாயா குடித்துவிட்டுப் பாறைகளில் நின்றோம். நீ மேலே ஒரு பாறையில், அம்மா கீழே தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு. ஈரப் பாறையில் உன் செருப்பு வழுக்கியது. நீ விழாமல் பிடித்துக்கொண்டாய், கேமரா கையை விட்டுப் போய்விட்டது. அம்மா முந்தானையோடு இரண்டு கையையும் நீட்டி அதை மடியில் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் அவள் முழங்கை பாறையில் உரசித் தோல் பெயர்ந்தது. நான் ஓடிவந்து கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன், பட்டனை அழுத்திப் பார்த்தேன். அவள் முழங்கையை நீ பார்த்தாய். "சாரமில்ல மக்ளே, தோலுதானே" என்று அவள் உன்னிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

மேலே போனால் ஒரே மூடுபனி. தேயிலைச் சரிவு தெரிவதும் மறைவதுமாக இருந்தது, நீ எடுத்துக்கொண்டே இருந்தாய். கொஞ்ச நேரத்தில் கார்டு நிறைந்துவிட்டது. இன்னொரு கார்டு இல்லை, ஏன் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வேண்டாததை அழி" என்றேன். உன் பக்கத்தில் நின்று நானே பார்த்துச் சொன்னேன். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தது, வாய் கோணலாக இருக்கிறது, அழி. அம்மா சிரித்துத் தலையைத் திருப்பிவிட்டாள், ஆடிப்போயிருக்கிறது, அழி. புடவைத் தலைப்பு காற்றில் முகத்தை மறைக்கிறது, அழி. அப்படி அழித்த இடத்தில் மூடுபனியை எடுத்து நிரப்பினோம். அந்த மூடுபனி இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எத்தனை பார்த்தாலும் ஒரே மாதிரி வெள்ளையாக. உன் அம்மா உயிரோடு இருந்தபோது அவள் வாய் அப்படித்தான் இருந்தது மகனே, எப்போதும் ஏதோ சொல்லிக்கொண்டு, பாதி திறந்து. அசையாமல் விறைப்பாக நிற்கிற படங்களைத்தான் நான் மிச்சம் வைத்தேன். அவற்றில் இருக்கிறவளை எனக்கு அவ்வளவாகப் பரிச்சயம் இல்லை. அதனால் நித்யா கார்டு இரண்டு வாங்கட்டும். ஒரே பெரிய கார்டாக வாங்காமல், நடுத்தரமாக நல்ல கடையில் இரண்டு. போன இடத்தில் நின்றுகொண்டு எதையும் அழிக்க வேண்டாம். எது வேண்டாதது என்று அன்றைக்கே யாருக்கும் தெரிவதில்லை.

அன்று அங்கே ஒரு குடும்பம் வந்திருந்தது. நாம் ஆள் மாற்றி ஆள் நின்று எடுத்துக்கொள்வதைப் பார்த்து அதில் ஒருவர் வந்தார். "மூணு பேரும் நின்னோளு, ஞான் எடுத்துத் தராம்" என்று கை நீட்டினார். அம்மா உன் சட்டையை இழுத்துக்கொண்டு நிற்கவே போய்விட்டாள். நான் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு "வேண்டா, வேண்டா" என்றேன். முன்பின் தெரியாத ஆள், வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டால்? அந்த மனிதர் முகம் சிறுத்துத் திரும்பிப் போனார். அவருடைய பெண்குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேமராவைத் திருடி ஓட அவருக்கு என்ன வந்தது? திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வளைவுகளில் குமட்டுகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரக்கு இறக்கி முடித்த நேரத்தில், கடைக்குள்ளேயே அவள் மறுபடி கேட்டாள். ஸ்டாண்ட் எதற்கு, இதோ பார் என்று நான் குக்கர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அதன்மேல் கேமராவை வைத்து, நீ டைமரை அமுக்கிவிட்டு ஓடிவந்தாய். நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் நீ. பெட்டி ஒன்று உள்ளே அமுங்கிக் கேமரா மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. படத்தைப் பார்த்தால் கழுத்துக்கு மேலே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. என் வயிறு, அவள் புடவை மடிப்பு, உன் சட்டைப் பித்தான். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொருமுறை எடுப்போம் என்று நீ சொன்னாய். அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார், "சரி, அதை அழி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றேன். அந்த இன்னொரு நாளுக்கு வருகிறேன்.

நீ வேலை கிடைத்துப் பெங்களூர் போனபோது கேமராவை விட்டுவிட்டுப் போனாய். நான் அதை மிகவும் பத்திரமாக வைத்தேன். வீட்டில் கிடந்த தோல் பையில் போட்டு, அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றி, இரும்பு பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், பூச்சி உருண்டையும் போட்டு. மழைக்காலம் முடிந்ததும் அம்மா புடவைகளை எடுத்து உதறி வெயிலில் காட்டி மடித்து வைப்பாள். கேமராவை நான் தொட விடவில்லை. நம் ஊர் மழை உனக்குத் தெரியும். இடவப்பாதி மழை பிடித்தால் உப்பு கரைகிறது, அப்பளம் பூக்கிறது, செருப்பில் பச்சை படிகிறது. லென்ஸ் மட்டும் தப்பிக்குமா? பூட்டி வைத்த இருட்டும் ஈரமும் பூஞ்சைக்கு வசதி, தோல் பை அதற்குத் தீனி. நீ போகும்போதே சொன்னாய். "அப்பா, மிக்ஸி பெட்டிக்குள்ள சின்னச் சின்னப் பாக்கெட் வருமே, ஈரத்த உறிஞ்சுகது. அத எடுத்து, காத்துப் புகாத டப்பாவில கேமராவோட போட்டு வையுங்க." குப்பையைக் கொண்டுபோய் வீட்டில் வைக்கச் சொல்கிறானே என்று எனக்குச் சிரிப்பு. தினமும் கடையைப் பெருக்கும்போது அந்தப் பாக்கெட்டுகளைக் கூட்டித் தள்ளுகிறவன் நான். காற்றுப் புகாத டப்பா நம் கடையில் கூரை முட்ட அடுக்கியிருந்தது.

அம்மா நோயாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகு நல்ல நாள் ஒன்று வந்தது. உனக்கு மறந்திருக்காது. நீ லீவில் வந்திருந்தாய். காலையில் தானே குளித்து, பச்சைப் புடவை கட்டி, ஜன்னல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. "மக்ளே, இன்னிக்கு எடுப்பம். பக்கத்து வீட்டுப் பிள்ளைய விளி, அவன் அமுக்கட்டும். போன்ல வேண்டா, அதுல மூஞ்சி நீளமாத் தெரியும். உன் பெட்டியில எடு" என்றாள். நீ பீரோவைத் திறந்து எடுத்து வந்து லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாய். உள்ளே வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. எடுத்த படத்தில் அம்மா பால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் போல இருந்தாள். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாரமில்ல, கழுவிக் கொண்டு வா, அடுத்த வாரம் எடுப்பம்" என்று அவள்தான் நம் இருவரையும் தேற்றினாள். லென்ஸைப் பார்த்த ரிப்பேர்க்காரர், மேல்பூச்சையே பூஞ்சை தின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அடுத்த வாரம் அவள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை.

அதனால் நித்யாவிடம் சொல், மற்ற எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்த டப்பாவை வாங்க வேண்டும். பெங்களூரில் ஈரம் நம் ஊர் அளவுக்கு இல்லை, ஆனாலும் வாங்கட்டும். சமையலறை டப்பாவே போதும், ரப்பர் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும், இந்த விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை நம்பலாம். உள்ளே நிறம் மாறுகிற உறிஞ்சு மணிகள் போட வேண்டும். நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேமராவை எடுத்துப் பயன்படுத்தச் சொல். வெளியே போய் வெளிச்சம் பார்க்கிற கேமராவில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை.

இனி அந்தப் படம். உன் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குப் பெற்றோரோடு மாப்பிள்ளை நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். இல்லை என்று சொல்ல மனமில்லாமல், தனித்தனிப் படம்தான் இருக்கிறது என்றேன். "சாரமில்ல, தனித்தனியா இருந்தாப் போரும், சேத்துத் தராம்" என்றார். நான் உறவுக்காரர் கல்யாணத்தில் அம்மா நிற்கிற படத்தையும், உன் படத்தையும், என் படத்தையும் கொடுத்தேன். சட்டம் போட்டு, முகூர்த்தம் முடிந்ததும் உன் கையில் கொடுத்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ வெகுநேரம் பார்த்தாய். பிறகு மெதுவாக, நித்யா காதில் விழாமல், "அப்பா, அம்மா என் தோளுக்குக்கூட வர மாட்டா. மறந்திட்டீங்களா?" என்றாய். படத்தில் அவள் உன் காது உயரத்துக்கு நின்றாள். நான் அதைக் கவனிக்கவில்லை மகனே. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் எவ்வளவு உயரம் என்பதைக் கவனிக்காமல் காசைக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். ஒரு குக்கர் மூடியைக் கண்ணால் பார்த்தே எந்த அளவு என்று சொல்கிறவன் நான். நீ படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாய். அதோடு சரி.

இதுவரை எழுதி, சங்கத்தில் கொடுக்கலாம் என்று மடித்து வைத்திருந்தேன். நேற்று நித்யா மறுபடி அழைத்தாள். வகுப்பில் வீட்டுச் சுவர் ஒன்றைப் படமெடுத்து வரச் சொன்னார்களாம். "மாமா, ஒண்ணு கேக்கணுமுங்க. இவரு மேசைக்கு மேல ஒரு படம் மாட்டி வச்சிருக்காரு. மூணு பேரு நிக்கறாங்க, ஒருத்தருக்கும் தலையே இல்ல. கேட்டாச் சிரிக்கறாரு, சொல்ல மாட்டேங்கறாரு. யாருங்க மாமா அது?" என்றாள்.

 வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு அவளிடம் கேட்டு அந்தப் படத்தை அனுப்பச் சொன்னேன். நான் அழிக்கச் சொன்னதை நீ அழிக்கவில்லை. என் வயிறு, அவள் புடவை மடிப்பு, உன் சட்டைப் பித்தான். அன்று நான் பார்க்காத ஒன்றும் அதில் இருக்கிறது. அம்மாவின் ஒரு கை உன் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறது, மறு கை என் முழங்கையைப் பிடித்திருக்கிறது. அவள் தோள் உன் சட்டையின் எந்தப் பித்தான் வரை வருகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. உயரம் சரியாக இருக்கிறது. கடையில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. எதிர்க் கடைக்காரர் வந்து பிரஷரா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இன்று காலை எம்.ஜி. ரோட்டில் அதே கடைக்குப் போனேன். இப்போது அங்கே ஒரு பெண் நிற்கிறாள், நித்யா வயதிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள். பழக்க தோஷம், காஸ்கெட் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஊதுகிற ரப்பர் பந்தும் மென்மையான துணியும் வாங்கியிருக்கிறேன். முதலில் ஊதிவிட்டுப் பிறகுதான் துடைக்க வேண்டும், நான் செய்தது போல வேட்டி நுனியால் தேய்க்கக் கூடாது. கார்டு இரண்டு, கையில் மாட்டுகிற வார், இன்னொரு பேட்டரி, மழைக்கு உறை உள்ள சாதாரணப் பை. உள்ளே கேமரா இருப்பது வெளியே தெரியாத பை நல்லது என்றாள். ஃபிளாஷ் இப்போது வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பழகட்டும் என்றாள், அதனால் வாங்கவில்லை. லென்ஸ்மேல் போடுகிற கண்ணாடியைப் பற்றி வேண்டும் என்றும் சொல்கிறார்கள், வேண்டாம் என்றும் சொல்கிறார்களாம், அதை நித்யாவின் வாத்தியாரே தீர்மானிக்கட்டும். எல்லாவற்றையும் நம் கடையின் பெரிய டப்பா ஒன்றில் போட்டு, உறிஞ்சு மணிகளோடு பார்சல் அனுப்பிவிட்டேன்.

ஸ்டாண்டும் வாங்கினேன். அம்மா பார்த்த மாதிரியே கால்களை இழுத்து நிறுத்தி, மேலே கையை வைத்து அழுத்திப் பார்த்து வாங்கினேன். மிக மலிவானது கொஞ்சம் காற்றடித்தாலே ஆடுகிறது, மிகக் கனமானதை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நடுத்தண்டை ஏற்றாமலே கண் உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதில் பையைத் தொங்கவிட்டால் அசையாது. கேமராவுக்கு அடியில் மாட்டுகிற சின்னத் தகடு தொலைந்தால் முழு ஸ்டாண்டும் வீண், அதைக் கழற்றினால் உடனே திரும்ப மாட்டிவிட வேண்டும். இதையெல்லாம் நித்யாவுக்குச் சொல்லிக் கொடு.

ஆனால் ஸ்டாண்டை நான் பார்சலில் வைக்கவில்லை. அது நம் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி புத்தி என்று நீ சொல்வாய், ஆமாம், அதேதான்.

வரும்போது நித்யாவின் கேமராவைக் கொண்டு வா. நான் கொடுத்த அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன், நீ பயப்படாதே. இனி யாரையும் யார் பக்கத்திலும் ஒட்டிவைக்க மாட்டேன். அம்மா இல்லாத இடம் இல்லாததாகவே இருக்கட்டும். ஜன்னல் பக்கத்தில், அவள் அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கலாம் என்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். டைமரை அமுக்கிவிட்டு ஓடிவர வேண்டியவன் நீ. எனக்கு முன்போல் சட்டென்று நகர முடிவதில்லை, முழங்கால் பிடிக்கிறது. அதனால் நான் முன்கூட்டியே போய் நின்றுகொள்வேன், எனக்கும் நித்யாவுக்கும் நடுவில் உனக்கு இடம் விட்டு. தலை வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, வந்து நில்.

உன் அப்பா